முன்கதவு வார்னிஷ்

செந்துறையில் நாங்கள் வாங்கிச் சீர்செய்து குடியேறிய பழைய வீட்டை நான் இங்கே போட்ட படத்தில் பார்த்திருப்பீர்கள். அம்மா சின்ன வயதில் சாணி அள்ளிய பண்ணையார் வீடு அது. முன்வாசல் பக்கம் அவரை விட்டதே இல்லை, கொல்லை வாசல்தான். இப்போது அம்மாவின் கட்டில் முன்கூடத்தில் கிடக்கிறது.

இன்று காலை பழைய பண்ணையாரின் மகன் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

"நான் பொறந்த வூடு. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"முன்கதவுல வார்னிஷ் காயலீங்க. சுத்திக்கிட்டு கொல்லப்பக்கமா வாங்க."

என் மகள் அந்தக் கதவில்தான் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு போனார்.

கொல்லை வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"இந்த வாசல் இவ்ளோ குட்டையா?"

"ஆமாங்க. நாங்க குனிஞ்சே வந்ததால இடிச்சதில்லீங்க" என்றார் அம்மா.

வீட்டையும் சுற்றிக்காட்டினார், காப்பியும் கொடுத்தார். அனுப்பியதும் கொல்லை வழியாகத்தான்.

அவருடைய அண்ணனும் அடுத்த மாதம் பார்க்க வருகிறாராம். அதற்குள் வார்னிஷ் காய்ந்துவிடுமா? பெயிண்ட் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா காயாது என்கிறார்.