பேர் சொல்லுங்க அங்கிள்

போன வாரம் ஒரு நர்ஸுக்கு ஞாபக மறதி நோய் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. என் கணவர் குணசேகரனுக்கு ஹெர்னியா ஆபரேஷன். புனே சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளி ஒரு ஆஸ்பத்திரி. ஜெனரல் வார்டு, எட்டாம் நம்பர் பெட். 'எல்லாம் நல்லபடியாக முடிந்தது' என்றார் டாக்டர். 'எல்லாம்' என்று ஏன் அழுத்திச் சொன்னார்? அன்று பூராவும் எனக்கு அதே யோசனை. இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

வார்டு நர்ஸின் பெயர் ஸ்டெல்லா. தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா அங்கே ராணுவ டெப்போவில் கிளார்க்காக இருந்தவராம். பேச்சில் பாதி தமிழ், பாதி இந்தி. ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது — ஒன்றைத் தவிர.

மாத்திரையோடு வரும் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: “அங்கிள், பேர் சொல்லுங்க.”

காலையில் கேட்டதை மத்தியானமும் கேட்பார். மத்தியானம் கேட்டதை ராத்திரியும் கேட்பார். இவர் பெயரைச் சொல்லுவார். உடனே சிஸ்டர் இவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையைத் திருப்பிப் படிப்பார். அதற்கப்புறம்தான் மாத்திரை.

முதல் நாள், சரி, புது ஆள் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் சந்தேகம் வந்துவிட்டது. ஆறேழு தடவை கேட்ட பெயரே மனதில் நிற்காதவருக்கு, இருபது பேருடைய மருந்து எப்படி நிற்கும்?

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் மாத்திரை விஷயத்தில் தனியாக நோட்டுப் போட்டிருந்தேன். மஞ்சள் நீளம், காலையில். வெள்ளை உருண்டை, சாப்பிட்ட பிறகு. அவர் முழுங்கியதும் டிக். இப்போது நர்ஸையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியதாகிவிட்டதே…

கொஞ்சம் உதவலாம் என்று, ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் 'குணசேகரன்' என்று பெரிதாக எழுதித் தலைமாட்டில் ஒட்டினேன். சிஸ்டர் வந்தார். பார்த்தார்.

“நல்லா இருக்கு ஆன்ட்டி. ஆனா எனக்குத் தமிழ் படிக்க வராது. அங்கிள், பேர் சொல்லுங்க.”

“குணசேகரனுங்க” என்றேன் நான்.

“மாத்திரை உங்களுக்கா ஆன்ட்டி?”

என் கணவரே பெயரைச் சொல்லி, மாத்திரையையும் முழுங்கிய பிறகு மெல்ல ஆரம்பித்தேன்.

“கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். அவரு பேரு நேத்தைக்கும் இன்னைக்கும் மாறலீங்களே?”

“பேர் மாறாது ஆன்ட்டி. பெட்ல ஆள் மாறலாம்ல? டென்ஷன் மத் லோ.”

டென்ஷன் ஆகாதே என்று என்னிடம் சொல்வது, மழையிடம் நனைக்காதே என்று சொல்வது போல. அது இருக்கட்டும். பெட்டில் ஆள் எப்படி மாறும்? இது என்ன பஸ் ஸ்டாப்பா?

மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு, பெட்டில் ஆளை நானே மாற்றினேன்.

ஏசி காற்று நேராக என் கணவரின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. முடி இருக்கும் தலை என்றால்கூடப் பரவாயில்லை. சளி பிடிக்கும், இருமல் வரும், இருமினால் தையல் பிரியும், பிரிந்தால்… மனதுக்குள் நான் ஐசியு வரைக்கும் போய்விட்டேன்.

பக்கத்தில் ஏழாம் நம்பரில் ஜாதவ் காகா. இங்கே வயதானவர்கள் எல்லாரும் காகா, நம் ஊர் 'மாமா' மாதிரி. சாகணில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சுகர், காலில் ஆறாத புண். எந்நேரமும் 'உகாடா, உகாடா' என்று, புழுக்கம் தாளாமல் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருப்பார். ஒருவருக்குக் குளிர், ஒருவருக்குப் புழுக்கம். நடுவில் ஒன்றரை அடி.

நாங்கள் கோயம்புத்தூருக்கு ரயிலில் போய்வருகிற குடும்பம். சார்ட்டில் எந்த பெர்த் போட்டிருந்தாலும் அதில் நாங்கள் படுத்ததாகச் சரித்திரமே இல்லை. முழங்கால் வலிக்காரருக்கு லோயர், கைக்குழந்தைக்காரிக்கு ஜன்னல் என்று, வண்டி கிளம்பிய பத்தாவது நிமிஷம் பெட்டியே இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அதைத்தான் இங்கேயும் செய்தேன்.

“காகா, அட்ஜஸ்ட் கரேங்கே?”

“கா நாஹீ?” — ஏன் கூடாது — என்று உற்சாகமாக எழுந்துவிட்டார் காகா.

“எதுக்கு புள்ள, சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…” என்று இழுத்தார் என் கணவர்.

“பாவம், அவங்களுக்கு ஆயிரம் வேலை. இதுக்குப் போயி அவங்களைக் கூப்புடோணுமா? நீங்க மொதல்ல எந்திரிங்க.”

தலையணை மாறியது. ஃபிளாஸ்க் மாறியது. செருப்புகூட மாறியது. கால்மாட்டில் தொங்கிய ஃபைல்கள் மட்டும் மாறவில்லை. ரயிலில் ஃபைல் கிடையாது அல்லவா?

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு கீழே கேன்டீனுக்குப் போய் சூப் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வார்டு வாசலில் கால் நின்றுவிட்டது.

ஏழாம் நம்பர் பெட்டில் என் கணவர் தலையோடு கால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். ஸ்டெல்லா சிஸ்டர் ஏழாம் நம்பர் ஃபைலைப் பார்த்துவிட்டு, ட்ரேயிலிருந்து இன்சுலின் பேனாவை எடுக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜாதவ் காகாவுக்குப் போடுவது.

என் கணவருக்கு சுகர் கிடையாது.

கத்தியிருக்க வேண்டாமா? கத்தவில்லை. இருபது வருஷமாக இந்த மாதிரி ஒன்றுக்காகவே கவலைப்பட்டுப் பயிற்சி எடுத்தவள் நான்… நிஜமாக வந்து நின்றபோது சூப் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிஸ்டர் போர்வையின் மேல் லேசாகத் தட்டினார்.

“காகா, தும்ச நாவ் சாங்கா.” அதே கேள்விதான், மராத்தியில்.

போர்வைக்குள்ளிருந்து தூக்கக் குரல் வந்தது. “குணசேகரன்.”

சிஸ்டரின் கை அப்படியே நின்றது. போர்வையை விலக்கினார். மணிக்கட்டுப் பட்டையைப் படித்தார். பேனாவை மூடி ட்ரேயில் வைத்தார். எட்டாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஏசிக்கு அடியில், சட்டைப் பொத்தானை எல்லாம் திறந்துவிட்டுக்கொண்டு, ஜாதவ் காகா சந்தோஷமாகக் கை ஆட்டினார்.

“யார் இந்த ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் போட்டது?”

“நாந்தானுங் சிஸ்டர்…” சூப்பை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கேட்டேன். “அந்த ஊசியைப் போட்டிருந்தா என்னங் ஆயிருக்கும்?”

“சுகர் இல்லாதவங்களுக்கு சடார்னு கீழ எறங்கிடும் ஆன்ட்டி. வேர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். கவனிக்கலேன்னா உயிருக்கே ஆபத்து.” திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

“சிஸ்டர் 'ஜாதவ் காகாதானே'ன்னு உங்களைக் கேட்டிருந்தா?” என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டேன்.

“ஹான் ஹான்னு சொல்லியிருப்பேன்” என்றார் அமைதியாக.

சொல்லியிருப்பார். இருபத்திரண்டு வருஷமாக, 'ஆமாம் ஆமாம்' என்கிற இந்த ஒரு வார்த்தையில்தான் அவர் புனேயில் காலம் தள்ளுகிறார். கேபிள்காரர் என்ன கேட்டாலும் ஹான் ஹான். பக்கத்து வீட்டுக்காரர் என்ன கேட்டாலும் ஹான் ஹான். அப்படித் தலையாட்டித்தான் ஒரு வருஷம் சொசைட்டி கணபதி கமிட்டிக்குச் செயலாளர் ஆனார்.

“அதான் ஆன்ட்டி. நாம பேரைச் சொல்லி நீங்கதானேன்னு கேட்டா, தூக்கத்துல இருக்கவங்க, காது கேக்காதவங்க, பாஷை தெரியாதவங்க எல்லாரும் தலையாட்டிடுவாங்க. அவங்க வாயால சொல்ல வைக்கணும். எனக்கு அங்கிளை நல்லா தெரியும். தெரியும்னு நெனைக்கற அன்னைக்குத்தான் தப்பு நடக்கும்.”

அப்புறம் காகாவிடம் போய் அவர் பெயரையும் கேட்டார். காகா தன் பெயர், அப்பா பெயர், ஊர், தாலுக்கா எல்லாவற்றையும் கட்டைக் குரலில் அறிவித்தார். வார்டே சிரித்தது. அன்று மாலை சிஸ்டர் ட்ரேயோடு நுழைந்ததும், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போல எல்லாரும் வரிசையாகப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சிரிப்பை அடக்கியதில் என் கணவருக்குத்தான் தையல் வலித்தது.

ஆனால் என் கவலை தீரவில்லை. சிஸ்டர் மேஜை முன்னால் உட்கார்ந்து ஒரு ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

“என்னங் சிஸ்டர் எழுதறீங்க?”

“நடந்தது.”

“ஒண்ணும் நடக்கலீங்களே?”

“நடக்க இருந்ததையும் எழுதணும் ஆன்ட்டி. அப்பதான் அடுத்த வார்டுல நடக்காது.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என்னால் இந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடுமோ? “என் பேரைப் போடுங் சிஸ்டர். பெட்டை மாத்துனது நான்னு பெருசாப் போடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்” என்றேன்.

சிஸ்டர் ஃபாரத்தை என் பக்கம் திருப்பினார். “எங்கே போடறது? யார் தப்புன்னு கேக்கற கட்டமே இதுல இல்ல. எப்படி நடந்துச்சுன்னு மட்டும்தான் இருக்கு.”

இங்கிலீஷ் ஃபாரம்தான். ஆனாலும் மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். மறுநாள் வார்டு இன்சார்ஜ் மேடம் வந்து சிஸ்டரின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அட்மிஷன் அன்றே 'பெட் மாறாதீர்கள்' என்று எல்லாரிடமும் சொல்வதாகவும் முடிவாயிற்று. அப்பாடா.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பால் பொங்கினாலும், சாவி தொலைந்தாலும் முதல் கேள்வி 'யாரு?' தான். யாரு என்று கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்?

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். ரசத்தில் உப்பு ஒரே கரிப்பு. என் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “யாரு இதுல…” என்று ஆரம்பித்தார்.

“யாருன்னு கேக்காதீங்க. எப்படின்னு கேளுங்க” என்றேன்.

உப்பு ஜாடியைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ போட மறந்துட்டியோன்னு… நானும் ஒரு கரண்டி போட்டுட்டேன் புள்ள” என்றார்.