அக்காவுக்கு ஐஸ் விழாத நாட்கள்

கோடையில் ஒரு தெருவுக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டிய நேரத்தில், அத்தான் திருகுசாவியோடு ஒரு வீட்டு ஜன்னலோரம் சும்மா நிற்பாராம். உள்ளே கைக்குழந்தைக்காரி ஒருத்தி தனியாக இருந்தாள். அவள் குடம் நிரம்புகிற சத்தம் நின்ற பிறகுதான் வால்வை மூடுவார். அவளுக்கு இது தெரியவே தெரியாது. எனக்கும் அவரோடு வேலை பார்த்தவர் சொல்லித்தான் தெரியும்.

அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். தெருத்தெருவாகத் தண்ணீரைத் திறந்து மூடுவது அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் வால்வுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்காவுக்குப் புற்றுநோய்க் கட்டி வந்து மருந்து ஏற்றினார்கள். வாயெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டது. ஐஸை வாயில் அடக்கி மரத்துப்போனால்தான் ரெண்டு கரண்டி கஞ்சி இறங்கும். தட்டில் உறைய வைத்த ஐஸ்கட்டி புண்ணில் குத்துகிறது என்று, சுவர்க் குழாயிலிருந்து தானே தண்ணீர் இழுத்துப் பொடிப்பொடியாக ஐஸ் தருகிற பிரிட்ஜை அவள் மகன் வாங்கி அனுப்பினான்.

நான் துணைக்குப் போன மறுநாளே ஐஸ் நின்றுவிட்டது. குளிர் இருக்கிறது, தண்ணீர்தான் ஏறவில்லை. அத்தான் சட்டையைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தார். உள்ளே ஐஸ் நிறைந்தால் தண்ணீரை நிறுத்துகிற கம்பியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். வடிகட்டியை மாற்றினார். தண்ணீர் விழுகிற மூக்கு உறைந்திருக்குமோ என்று வெந்நீர்த் துணியால் ஒற்றினார். பின்னால் போகிற ட்யூப் மடங்கியிருக்கிறதா என்று கைவிட்டுத் தடவினார். ஒன்றும் புரியவில்லை.

"சுவத்துக் குழாய் திறந்திருக்கா அத்தான்?"

"என்கிட்டயே கேக்குறியா? என் கையால திறந்தது."

கடைசியில் மெக்கானிக் வந்தார். ட்யூப்பைக் கழற்றி வாளியில் விட்டார். சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஐயா, குழாயே மூடியிருக்கு."

"மூடியிருக்கா? யாரு மூடுனா?"

"நான் இப்பதான் வர்றேன், என்னைப் பாக்காதீங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். எழுந்து நடக்கவே முடியாதவள் எங்கே போய் மூடுவாள்? குழாயைத் திறந்ததும் ஐஸ் விழுந்தது. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் இல்லை. போய்ப் பார்த்தால் மூடிக் கிடக்கிறது. பேயா பிசாசா, ஆண்டவனே, இது என்ன சோதனை என்று எனக்குத் தலை சுற்றியது.

அடுத்த நாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பட்டறையில் மதியச் சங்கு ஊதியது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்தார், எழுந்தார், பிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டார். நாலு திருகு. கையை வேட்டியில் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "இன்னிக்காவது ஒழுங்கா விழுதா?" என்று என்னிடமே கேட்டார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தச் சங்குக்குத்தான் தண்ணீரை நிறுத்துவார். கைக்கு ஞாபகம் இருந்தது, அவருக்கு இல்லை. கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தது. சொல்வதா, விடுவதா? சொன்னால் அந்த மனுஷன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அக்கா பட்டினி.

அக்காவின் காதில் மட்டும் சொன்னேன்.  அவள் வலியோடு சிரித்தாள். "ஊருக்கே தண்ணி விட்டவரு, கட்டினவளுக்கு மட்டும் அடைக்கிறாரு பாரு."

"மெக்கானிக்கிட்ட திருகுற பிடியைக் கழட்டிடச் சொல்லட்டுமா அக்கா?"

"வேணாம். தேடித் தவிச்சிடுவாரு. நீ பின்னாலயே போய்த் திறந்துடு."

அப்படியே செய்தேன். சங்கு ஊதும், அவர் மூடுவார். முகம் கழுவப் போனதும் நான் திறப்பேன். இது சரியா, ஏமாற்று வேலையா என்று ஜெபத்தில் கேட்டேன்.  ஐஸ் விழுந்தது, கஞ்சி இறங்கியது, அக்காவின் வாய்ப்புண் மெல்ல ஆறியது.

நான் ஊருக்குக் கிளம்பியபோது அத்தான் பஸ் வரைக்கும் பையைத் தூக்கி வந்தார். அதற்குப் பிறகு அவரை உயிரோடு பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பஸ் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"யாரோ தினம் அந்தக் குழாயை மூடுறாங்கம்மா. எவ்வளவு பாத்தும் ஆள் சிக்கல. நீ திறந்து விடுறது மட்டும் எனக்குத் தெரியும். நீ போயிட்டா உங்க அக்காவுக்கு யாரு திறப்பா?"