பேஸ் வரவில்லை

தேனியில் ஒரு கடையில் அந்தச் செட்டை வாங்கினேன். எல்லாவற்றையும் இயக்க ரிசீவர் ஒன்று, சுற்றி வைக்கச் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள், கூடவே தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனத்தில் கருப்பாக ஓர் ஊஃபர். கடையில் அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஒரு பாட்டைப் போட்டார்கள். உருமிச் சத்தம் வந்தபோது என் சட்டைப் பொத்தான் அதிர்ந்தது. ‘தும்’ என்று நெஞ்சில் இடிக்கிற அந்த அடிச் சத்தத்துக்குத்தான் பேஸ் என்று பெயராம். “பேஸ் எப்பிடி இருக்கு, பாத்தீகளா சார்?” என்று கடைக்காரர் தன் வீட்டுப் பிள்ளையைக் காட்டுவது போலக் கேட்டார். பார்த்தேன், மயங்கினேன், வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் பாட்டு வந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது வந்தது. ஜால்ரா காதைத் துளைத்துக்கொண்டு வந்தது. பேஸ் மட்டும் வரவில்லை.

மார்க்கையன்கோட்டையில் எங்களுக்கு இருப்பது ஒரு வீட்டில் பாதி. அப்பாவுக்குப் பிறகு பாகம் பிரித்தபோது, பெரிய ஹாலின் குறுக்கே நாலரை இஞ்ச் சுவர் ஒன்றை எழுப்பி, அந்தப் பக்கம் அண்ணனும் இந்தப் பக்கம் நானும் ஒதுங்கினோம். சுவர் எந்த இடத்தில் நிற்பது என்று ஆரம்பித்த வாய்த்தகராறு, சிமெண்ட் காய்வதற்குள் எங்கெங்கோ போய் ஒரேயடியாகப் பேச்சு நின்றுவிட்டது. பொதுவில் மிச்சமிருந்தது அந்தச் சுவரும், வாசலில் இருக்கிற மீட்டர் பெட்டியும்தான்.

இந்த நேரத்தில் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் கூடியிருந்தது. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் கூட என்னிடம் விசாரித்தார்கள். எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை.

“அவுக கூப்புடாம நம்ம எப்பிடிப் போறது? போகலைன்னா அந்தப் புள்ள மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?” என்று என் மனைவி தினமும் கேட்டாள்.

எனக்கு மட்டும் கவலை இல்லையா? அந்தப் பிள்ளை என் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தது. ஆனால் அண்ணன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், நானாகப் போய் நிற்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அப்படிச் சும்மா உட்கார முடியாமல்தான் இந்தப் பாட்டுப் பெட்டியை வாங்கினேன் என்று மனைவி சொல்வாள். இருக்கலாம். அதற்காக அது பாடாமல் இருக்க வேண்டுமா?

ஊஃபரைப் பொதுச் சுவரின் மூலையில் தள்ளி வைத்திருந்தேன். சோபா ஹாலின் நடுவில் கிடந்தது. முதலில் வயரைச் சந்தேகப்பட்டேன். ரிசீவரின் பின்னால் எறும்புப் புற்று மாதிரி எத்தனையோ துளைகள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து, ஊஃபருக்கான துளையைக் கண்டுபிடித்தால் வயர் சரியாகத்தான் செருகியிருந்தது. பிடுங்கித் திரும்பச் செருகினேன். தும்மல் வந்ததே தவிர பேஸ் வரவில்லை.

அடுத்தது மெனு. ரிமோட்டை அழுத்தி அழுத்தி உள்ளே போனால், ‘ஊஃபர் இருக்கிறதா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. பிடித்துவிட்டேன் திருடனை என்று சந்தோஷமாக மாற்றினேன். ஊஹூம். ஸ்பீக்கர் பெரிதா சிறிதா என்று இன்னொரு இடத்தில் கேட்டது. சிறிது என்று ஒத்துக்கொண்டால்தான் அடிச் சத்தத்தை ஊஃபர் பக்கம் தள்ளிவிடுமாம். நான் கௌரவம் பார்த்துப் பெரிது என்று போட்டிருந்தேன். கௌரவத்தை விட்டுச் சிறிது என்று மாற்றினேன். அதற்கும் மசியவில்லை.

இதில் மனிதனைக் கிறுக்கனாக்குகிற விஷயம் ஒன்று இருந்தது. ஊஃபர் மேல் கை வைத்தால் பெட்டி நடுங்குகிறது. ஓட்டையில் விரலை நீட்டினால் காற்று முட்டுகிறது. வேலை செய்கிறது! எழுந்து வந்து சோபாவில் உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லை. சத்தத்தைத் திருகுகிற குமிழைக் கடைசி வரை திருகிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன். என் முழங்கால் சொடுக்குகிற சத்தம்தான் கேட்டது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், திடீரென்று ‘தும் தும்’ என்று கேட்டது. துள்ளி எழுந்தேன்.

“வந்துருச்சு! ஏத்தா, இங்க வந்து கேளு!”

மனைவி அடுப்படியிலிருந்து வந்து காதைச் சாய்த்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடிந்தது. ‘தும் தும்’ முடியவில்லை. ரிசீவரை அணைத்தேன். அப்போதும் அடித்தது.

“பாட்டு இல்லங்க அது. அந்தப் பக்கம் உங்க மதினி சொவத்துல உலக்கையால இடிக்கிறாக” என்றாள் மனைவி.

எதற்கு இடிக்கிறார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை. வம்புக்கு இடிக்கிறார்கள் என்று மட்டும் சரியாகப் புரிந்துகொண்டோம்.

வேறு வழியில்லாமல் கடைக்காரருக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. வாசலில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கத்தினால்தான் தேனிக்குக் கேட்கும். கத்தினேன்.

“பேஸ் வரலைங்க! அஞ்சு பைசாவுக்கு பேஸ் வரல!”

அந்த மனிதர் எதற்கும் அசரவில்லை. “சார், மைக் ஒண்ணு குடுத்துருப்பாக பாருங்க. அதச் சோபால வச்சு ரிசீவர்ல மாட்டுங்க. அதுவே அளந்து செட் பண்ணிக்கிரும். அளக்கும்போது வீட்டுல ஒரு சத்தம் இருக்கக்கூடாது” என்றார்.

மைக்கை மாட்டினேன். ஃபேனை நிறுத்தினேன். மனைவியின் குக்கர் விசில் அடித்துவிடாமல் அடுப்பையும் அணைக்கச் சொன்னேன். வியர்வை வழிய இரண்டு பேரும் சிலை மாதிரி நின்றோம். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக ‘சொய்ங்’, ‘சொய்ங்’ என்று அளந்துகொண்டே வந்து, ஊஃபரைத் தொடப் போகும் நேரத்தில் கரண்ட் போனது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. ஆனால் ரிசீவர் எல்லாவற்றையும் மறந்து, யார் நீ என்பது போல முழித்தது.

மேகமலையில் தூறல் போட்டாலே எங்கள் ஊரில் விளக்கு சிமிட்டும், எனக்குப் பழக்கம்தான். மறுபடி போன் போட்டு, மறுபடி வாசலில் நின்று, பேஸ் இன்னும் வரவில்லை என்று மறுபடி கத்திவிட்டு உள்ளே வந்து மைக்கை மாட்டினேன். சொய்ங், சொய்ங், பொட். மறுபடியும் போய்விட்டு வந்தது.

“கரண்டு ஆபீஸ்ல என்னையப் பாத்துக்கிட்டே அமத்துறாய்ங்களா?” என்று ரிமோட்டைச் சோபாவில் வீசினேன்.

“அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் நிக்கலையேங்க. நமக்கு மட்டும்தான் போவுது” என்றாள் மனைவி. அதைக் காதில் வாங்குகிற நிலையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசி முயற்சி. கடைக்காரர் குரலிலேயே அலுப்பு தெரிந்தது. “சார், ஊஃபருக்குப் பின்னாடி பேஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும். பேஸ் வரலைன்னா பேஸ மாத்திப் பாருங்க.”

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. “பேஸ் வரலைன்னா பேஸ எப்பிடிங்க மாத்துறது?”

“அது வேற பேஸ், இது வேற பேஸ் சார்.”

இங்கிலீஷ்காரனுக்கு அது இரண்டு வார்த்தை, bass ஒன்று, phase ஒன்று. தமிழில் எழுதினால் ஒன்றே ஒன்றுதான், எங்கள் ஊர் வாயில் விழுந்தாலும் ஒன்றுதான். “சரி, பேஸ மாத்துனாத்தான் வரும்னு சொல்றீக. மாத்திப் பாக்குறேன். எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல, பயமா இருக்கு, போன வச்சிராதீக!” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லி, போனை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். ஊஃபரின் பின்னால் குனிந்து சுவிட்சில் விரலை வைத்தேன். நான் தள்ளுவதற்குள் கரண்ட் போனது. வந்தது. திரும்பவும் போனது. திரும்பவும் வந்தது.

பொறுக்க முடியாமல் வாசலுக்குப் பாய்ந்தேன். மீட்டர் பெட்டிக்குக் கீழே இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகத் திருகு சுவிட்ச் உண்டு. தெருவில் வருகிற மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய்விட்டால் அதைத் திருகி அடுத்ததற்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே ஒரு ஸ்டூல் கிடந்தது. ஸ்டூல் மேல் என் அண்ணன் நின்றார். வாயில் டெஸ்டர். கை என் வீட்டுச் சுவிட்சில்.

“என்ன பண்றீக?” என்று கத்தினேன். சுவர் எழுப்பியதிலிருந்து நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவர் நிதானமாக டெஸ்டரை வாயிலிருந்து எடுத்தார். “ஏலே, பேஸ் வந்துருச்சா?”

“என்னது?”

“பேஸ் வரல, பேஸ் வரலைன்னு எத்தன நாளாக் கத்துற? மாத்துனா வரும்னு போன்ல சொல்றாக, பயமா இருக்குன்னு நீதான சொன்ன. சின்னதுல ஷாக் அடிச்சதுலருந்து நீ பொட்டிப் பக்கமே வரமாட்டீயே. அதான் நானே மாத்தி மாத்தி விடுறேன். மூணுலயும் நல்லாத்தானடா வருது! இன்னும் என்ன கொறச்சல்?”

வாழைத் தோட்டத்து மோட்டாரோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற மனிதர். மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும், எது போகும் என்பதே அவருக்கு உலகம். அவருக்கு வேறு எந்த பேஸ் தெரியும்?

“கரண்ட்டு பேஸ் இல்லண்ணே” என்றேன். “பாட்டு பேஸ். ஊஃபர் பொட்டியிலருந்து தும் தும்னு வரணும். அது வரல.”

“தும் தும்னா?” ஸ்டூலை விட்டு இறங்கினார். முகம் மாறியது. “அடப்பாவி! அது பூராம் என் வீட்டுக்குத்தான்டா வருது! ஒரு வாரமா ஒக்கார முடியல. சொவத்துல இருந்த சாமி படத்தையெல்லாம் கழட்டிக் கீழ வச்சுருக்கோம். விசேஷ வீடுன்னு தெரிஞ்சே வம்பு பண்றான்னு உங்க மதினி ஒலக்கையோட நிக்கிறா.”

“அப்பறம் எதுக்கு எனக்கு பேஸ் மாத்தி விட்டீக?”

“அது வம்பு, இது கரண்ட்டு. பேஸ் சரியா இல்லாம ஓட்டுனா உன் ஃபிரிட்ஜ்ல காயில் கருகிப்போகாது?” என்று என்மேலேயே எரிந்து விழுந்தார்.

அவராகவே என் வீட்டுக்குள் வந்தார். சோபாவில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டேன். தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணுமே கேக்கலையேடா. இதுக்காடா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?” என்றார். பிறகு என் கையைப் பிடித்துத் தரதரவென்று அவர் வீட்டுக்கு இழுத்துப் போனார்.

சுவர் எழுப்பிய பிறகு அவர் ஹாலில் நான் காலை வைத்ததில்லை. எங்கள் பழைய ஹாலின் மறுபாதிதான், ஆனால் அந்நிய வீடு மாதிரி கூசியது. சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி பாட்டைத் திரும்பப் போட்டாள். தும்! நெஞ்சுக்குள் இடித்தது. சட்டைப் பொத்தான் அதிர்ந்தது. கடையில் கேட்ட அதே பேஸ், ஒரு துளி குறையாமல். நான் வயரைப் பிடுங்கி, மெனுவில் விழுந்து எழுந்து, குக்கரை நிறுத்தி வியர்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்தச் சனியன் இங்கே ஓசியில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மதினி உலக்கையை மூலையில் சாத்திவிட்டு வந்தார். “வாங்க கொழுந்தனாரே. பாட்டு கேக்க வந்தீகளா? நாங்க தெனமும் கேக்குறோம்.”

அண்ணன் எதிரில் உட்கார்ந்து டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“நிச்சயத்தன்னிக்கு மட்டும் அந்தப் பொட்டிய அமத்திப் போடு” என்றார்.

எனக்குப் பழைய வீம்பு எட்டிப் பார்த்தது. “நான் வீட்டுல இருந்தா பாட்டுப் போடத்தான் செய்வேன்.”

“கூறுகெட்டவனே, அன்னிக்கு நீ அங்கன எப்பிடிடா இருப்ப?” என்று சீறினார் அண்ணன். “பொண்ணு வீட்டுத் தட்ட யாரு தூக்குறது?”

சுவர் அடித்துக்கொண்டே இருந்தது. நான் நிமிரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி, “என்னங்க, கேக்குதா? கேக்குதா?” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

“கேக்குது ஆத்தா” என்று இங்கிருந்தே கத்தினேன். “நல்லாக் கேக்குது.”