பூட்ஸில் ஒட்டிய சேறு

எஸ்தர் மேடம் காலமான செய்தி, நான் கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது வாட்ஸப்பில் வந்தது. நான் நம்பவில்லை. அனுப்பியவர் யாரென்று தெரியாது, அதிலிருந்த மேடத்தின் படமும் பழையது. மேடத்தின் தம்பிக்குப் போன் செய்து, அவர் அழுவதைக் கேட்ட பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பாத இந்தப் புத்தி அவரிடமிருந்துதான் நம் எல்லோருக்கும் தொற்றியது.

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குப் பயிர் நோய்ப் பிரிவு, எனக்கு மண் பிரிவு. அடுத்தடுத்த அறைகள். முதுகுக்குப் பின்னால் அவரைப் 'போலீஸ் மேடம்' என்போம். பொத்தேரியில் சாப்பிடப் போனால் தயிரை முகர்ந்து பார்க்காமல் சோற்றில் ஊற்றமாட்டார். ஒருமுறை ஒரு சோதனைப் பாத்தியில் ஒரு புள்ளிகூட நோய் இல்லை. புது ரகம் ஜெயித்துவிட்டது என்று நாங்கள் இனிப்பு வாங்கிவந்தோம். மேடம் இனிப்பைத் தொடவில்லை. "இவ்ளோ சுத்தமா கீதுன்னா யாரோ இன்னாவோ பண்ணிருக்காங்க சார்" என்றார். விசாரித்தால், வாடுகிற பயிரைப் பார்க்கப் பொறுக்காமல் எங்கள் காவலாளியே மருந்தடித்திருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஏழுமலையின் வயலைப் பற்றி.

திருவிடந்தைக்கு மேற்கே குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தவர் ஏழுமலை. எங்கள் ரகம் ஒன்றை அவர் வயலில் போட்டிருந்தோம். கதிர் வரும் நேரத்தில் ஒரு மூலையில் தண்டைப் பொதிந்திருக்கும் இலையுறை கருகியது. அந்த நோயைக் கொண்டுவரும் பூசணம், கடுகுபோல உருண்டு சேற்றில் கிடக்கும். தண்ணீரில் மிதந்துபோய் அடுத்த பயிரைப் பிடிக்கும்.

ஏழுமலை வரப்பில் நின்று எங்களை முறைத்தார். "நீங்க வந்துகினு போற மூலையில மட்டும்தான் நோவு கீது. மத்த பக்கம் பாருங்க, நல்லா கீது. நீங்கதான் இட்டாந்தீங்க மேடம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்து வயல் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். விதைக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். நஷ்டஈடு கேட்கத்தான் ஏழுமலை அடிபோடுகிறார் என்றுகூட நினைத்தேன். மேடம் மட்டும் குனிந்து தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ரகம் தாங்குகிறது என்று பார்க்க, நிலையத்தில் நாங்களே வேண்டுமென்றே நோயை வளர்க்கும் பாத்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் அதில் இறங்கிப் பார்த்துவிட்டு, அதே பூட்ஸோடுதான் இங்கே வந்துகொண்டிருந்தார்.

அன்றே பூட்ஸிலும் ஜீப்பின் கால்மிதியிலும் இருந்த சேற்றைச் சுரண்டி ஆய்வகத்தில் வைத்தார். சில நாட்களில் அதிலிருந்து வெள்ளை இழை ஓடியது, பிறகு பழுப்பு உருண்டைகள் தெரிந்தன. அவர் பூட்ஸ் சேற்றிலேயே நோய் இருந்தது.

"வெளியே சொல்லாதீங்க மேடம், அந்த ஊர்ல இனிமே யாரும் நம்மள வயல்ல இறங்க விடமாட்டாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "வாய்க்கால் தண்ணியிலயும் வந்திருக்கலாம். நான்தான்னு சொல்ல முடியாது சார். நான் இல்லன்னும் சொல்ல முடியாது. எங்கம்மா அடுத்தவங்க வயல்ல கூலிக்கு நாத்து நட்டவங்க. ஒரு மூலை போச்சுன்னா ஒரு வூட்டுல இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

போய்ச் சொன்னார். ஏழுமலை திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. "இனிமே ரோட்டுலயே நில்லுங்க மேடம். பயிர நானே எடுத்தாறேன்" என்றார். மேடம் சரியென்றார். தண்ணீரை வடிக்கச் சொன்னதிலும் மருந்து சொன்னதிலும் மற்றப் பயிர் தப்பியது. அந்த மூலை போனது போனதுதான்.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் ஜீப்பில் நீல வாளியும் பிரஷ்ஷும் இருக்கும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் பூட்ஸைத் தேய்த்துக் கழுவுவார். ஏழுமலை வயலுக்குப் போனால் ரோட்டில்தான் நிற்கப்போகிறார், அங்கேயும் கழுவுவார். அவர் ஓய்வு பெறும்வரை ஏழுமலை "இறங்கி வாங்க" என்று ஒருமுறையும் சொன்னதில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் கோபமே இருந்தது.

அதனால் அடக்கத்தன்று மேடம் வீட்டு வாசலில் ஏழுமலையைப் பார்த்தபோது, எதற்கு வந்தார் என்று சந்தேகமாகத்தான் பார்த்தேன். அவர் நேராகக் குழாயடிக்குப் போனார். செருப்பைக் கழற்றி, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கால் கழுவினார்.

"பெரியவரே, போறப்பதான் கழுவணும்" என்று யாரோ சொன்னார்கள். துக்க வீட்டு வழக்கம் அதுதானே.

"தெரியும்பா" என்றார் ஏழுமலை. "இந்தம்மா ரோட்டுலயே நின்னுச்சு. அப்பவும் கழுவாத காலோட எங்கிட்ட வந்ததில்ல." ஈரக் காலோடு உள்ளே போனார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

தம்பியிடம் கேட்டு அந்த நீல வாளியை வாங்கிவந்துவிட்டேன். என் கார் டிக்கியில் இருக்கிறது. எங்கே எது கெட்டாலும் யார் மேல் பழி போடலாம் என்று என் மனம் இன்றும் ஊரெல்லாம் ஓடத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் டிக்கியைத் திறந்து வாளியை ஒருமுறை பார்க்கிறேன். பிறகு குனிந்து என் செருப்பைப் பார்க்கிறேன்.