சீல் உடையாத வெள்ளி

முதலில் கையுறை. கடையைத் திறந்து சாம்பிராணி காட்டி, பக்கத்துக் கடையிலிருந்து வந்த பிளேன்டீயை ஆறவிட்டுவிட்டு, ஹுமைத் வெள்ளை நூல் கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டிக்கொள்வார். பதுளைக் கடைவீதியில் மணிக்கூடு திருத்துகிறவர் அவர். எண்ணெயும் துருவும் ஏறிய மணிக்கூட்டுக்குள் வெறும் விரலை விட்டுத் துழாவ அவருக்குக் கூச்சம் கிடையாது. வெள்ளிப் பாளம் என்றால் மட்டும் நிக்காஹ்வுக்குப் புறப்படும் மாப்பிள்ளை மாதிரி ஆயத்தம் செய்வார்.

பாளம் என்றால் நகைக்கடையில் உருக்கி வைத்திருக்கும் கட்டி அல்ல. தீப்பெட்டி அளவில், வெளிநாட்டுக் கம்பனிகள் தங்கள் பெயரையும் ஒரு படத்தையும் அச்சடித்து, அட்டைக்கும் கண்ணாடித் தாளுக்கும் நடுவில் வைத்து சீல் போட்டு விற்கிற தட்டையான வெள்ளித் துண்டு. ஒன்றில் பாய்மரக் கப்பல் இருக்கும், ஒன்றில் பேரீச்ச மரம், ஒன்றில் கழுகு. இவற்றை வாங்கிச் சேர்த்து, ஆசைப்பட்டவர் வரும்போது விற்பது ஹுமைத்தின் இரண்டாவது தொழில். வீட்டாரைக் கேட்டால் அதுதான் முதலாவது என்பார்கள். "வெள்ளிக்கா காசு? படத்துக்கும் கம்பனிப் பேருக்கும்தான் காசு" என்று, மணிக்கூட்டுக்கு பெற்றரி மாற்ற வந்தவரையும் பிடித்து நிறுத்திச் சொல்வார். அத்தோடு விடமாட்டார். "சீல் ஒடஞ்சா சாமான் மவுத்து, செத்துப் போன மாதிரி" என்று விரலை ஆட்டுவார். கைபட்டால் ரேகை விழும், காற்றுப் பட்டால் கறுக்கும், பிறகு அது ஆசாரி உருக்குகிற வெறும் வெள்ளிதான் என்பது அவர் கட்சி.

காலை வெயில் கண்ணாடி அலுமாரிக்குள் விழும் நேரம் பார்த்து, கறுப்பு வெல்வெட் துணியில் பாளத்தை வைத்துப் படம் பிடித்து பேஸ்புக்கில் போடுவார். கொழும்பிலும் கண்டியிலும் இதே பித்துப் பிடித்த சிலர் உடனே விலை கேட்பார்கள். விற்றதை அனுப்பும்போது, பழைய மணிக்கூட்டுப் பெட்டியில் பஞ்சு பரப்பி, பிள்ளையைத் தொட்டிலில் இடுவது போல இடுவார். பாளத்துக்கு இங்கிலீஷில் 'பார்' என்பதால், எதிர்க்கடை நௌபர் சாராயக்கடையை விசாரிப்பது போல, "நானாட பார்ல இன்னைக்கி எனத்த ஈக்கி?" என்று தெரு கேட்கக் கத்துவார். ஹுமைத் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று காதைப் பொத்திக்கொண்டாலும் உள்ளுக்குள் அவருக்கு அது பிடிக்கும். மனைவி பலீலா சிரிக்கமாட்டாள். "கூர ஒழுகுது. வெள்ளிக்கு மட்டும் ஈரம் படக் கூடாதாம்" என்பாள்.

விற்கமாட்டேன் என்று ஒதுக்கி வைத்தது ஒன்றே ஒன்று. நாலு காலும் நிலத்தில் படாமல் பாயும் ஒரு குதிரை. கத்தாரில் இருந்த தம்பி கொண்டுவந்து கொடுத்தது. இந்தப் பித்துத் தொடங்கியதே அதில்தான். எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். "அத ஏன்ட மவுத்துக்குப் பொறவு கேளுங்க" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிடுவார்.

ஆளைப் பார்த்து ஏமாறலாம், சாமானைப் பார்த்து நான் ஏமாறமாட்டேன் என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமை போன வருடம்தான் அவரைக் கவிழ்த்தது. அல்பினோர் என்ற கம்பனியின் பெயர் போட்ட, தாயும் சேயும் படமுள்ள பாளங்கள் மூன்றைக் கொழும்பிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். விலை கொஞ்சம் மலிவு. ஹுமைத் காந்தம் வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. தராசில் வைத்தார், நிறை சரி. ஆனால் அட்டையின் பள்ளத்துக்குள் பாளம் படிந்து உட்காராமல் ஒரு நூலளவு மேலெழும்பி நின்றது. அதே நிறையில் தடிப்புக் கூடினால் உள்ளே வெள்ளியல்லாத ஏதோ இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. உரசிப் பார்த்தால் தெரிந்துவிடும். உரச வேண்டுமென்றால் சீலை உடைக்க வேண்டும். சீலை உடைத்தால் மவுத்து. 'அட்டை வார்ப்பில் கோளாறு' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அலுமாரியில் அடுக்கினார்.

அதில் ஒன்றைத்தான் துஷாந்தினி வாங்கினாள். மடுல்சீமைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். கலியாணமாகி நெடுநாள் காத்திருந்து பெற்ற ஆண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவர் மணிக்கூடு திருத்த வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தாயையும் சேயையும் பார்த்துவிட்டு நகராமல் நின்றாள். "இது நெசமான வெள்ளிங்களா நானா?"

"சுத்தம் தங்கச்சி. கொழந்த பேர்ல வெச்சிக்கோங்க. சீல மட்டும் ஒடச்சிராதீங்க."

அவள் தலையாட்டினாள். சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிக்கொண்டு போனாள். அவள் மனதில் வேறு கணக்கு. பூட்டிப் பார்த்துக்கொண்டிருக்க லயத்து வரிசை வீடுகளில் யார் வெள்ளி வாங்குவார்கள்? பிள்ளைக்கு அரைஞாண் செய்து, பேர் வைக்கிற அன்று தாய்மாமன் கையால் கட்ட வேண்டும். நேரே மடுல்சீமைக் கடைவீதிக்குப் போய் இராமையா ஆசாரியிடம் கொடுத்தாள்.

ஆசாரி தன் தொழிலில் செய்யக் கூடாத ஒன்றை அன்று செய்தார். கம்பனிப் பேரையும் சீலையும் கண்டு, உரசிப் பார்க்காமல் துண்டு போட்டு உருக்க வைத்துவிட்டார். அந்த நேரம் பிள்ளை வீறிட்டது. துஷாந்தினி வெளியே போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் மஞ்சள் கட்டி ஒன்று கிடக்கிறது. வெள்ளைப் புகை நடுவில் ஆசாரி திகைத்துப்போய் நிற்கிறார். "தாயி, இது வெள்ளி இல்ல. மேலதான் முலாம். உள்ள பித்தள" என்றார் அவர்.

ஆசாரி கையில் வெள்ளியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் அவள். எடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். கடைவாசலில் நின்று கள்ளன் என்றாள். மறுநாளே மஞ்சள் கட்டியைத் துணியில் முடிந்து பதுளைக்கு பஸ் ஏறினாள்.

"பாருங்க நானா, குடுத்தது வெள்ளி, திருப்பிக் குடுக்கிறது இது. புள்ள அழுதுச்சேன்னு செத்த நேரம் வெளிய போனேன். மாத்திட்டாரு. நீங்க ஒடைக்காதன்னு சொன்னதக் கேட்டிருக்கணும். ஒங்க சாமான் சுத்தந்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அது போதும் எனக்கு."

கட்டியைப் பார்த்த மாத்திரத்தில் ஹுமைத்துக்கு அட்டைப் பள்ளமும் நூலளவுத் தடிப்பும் நினைவுக்கு வந்தன. ஆனால் வாய் பழகிய வாய். மனம் எழும்புமுன் அது பேசிவிட்டது. "ஏன்ட சாமான் சுத்தம், தங்கச்சி."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லா ஒங்கள நல்லா வெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாழ்த்துத்தான் அவரைப் போட்டு அறுத்தது.

அன்று கடையை நேரத்தோடு பூட்டி, மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனார். சமையலறை மேசையில் வைத்துச் சீலைக் கிழித்து, மணிக்கூட்டு அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் எட்டிப் பார்த்தது. பலீலா பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, கூரையைப் பற்றியும் பேசவில்லை. "அப்ப அந்த ஆசாரி?" என்று மட்டும் கேட்டாள்.

"நானும் ஏமாந்தவன்தானே..."

"அப்ப அந்த ஆசாரி?"

போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும். போகவில்லை. மழை என்றார். மண் சரிந்து பாதை மூடியிருக்கும் என்றார். மடுல்சீமைப் பாதை நல்லபடி திறந்துதான் இருந்தது. அந்தப் பாதையால் வந்த பஸ்காரர்களும் மரக்கறிக்காரர்களும் கதையை அவர் கடைக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். "நானாட வெள்ளியவே மாத்திட்டானாமே அந்த ஆசாரி! ஒங்க வார்த்தையாலதான் அவன் கள்ளம் வெளிய வந்திச்சி" என்று அவரைப் புகழ்ந்தார்கள். தோட்டத் தலைவர் ஆசாரியைக் கூப்பிட்டு விசாரித்ததும், திருவிழாவுக்கு அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் செய்யும் வேலையை அவரிடமிருந்து பிடுங்கியதும் அப்படித்தான் காதுக்கு வந்தன. வருடாவருடம் அவர் விரதமிருந்து செய்துவந்த வேலையாம். கேட்டுக்கொண்டிருந்த ஹுமைத்தின் இடுக்கியிலிருந்து ஆணி நழுவி விழுந்தது. குனிந்து தேடுகிற சாக்கில் மேசைக்கடியிலேயே நெடுநேரம் இருந்தார். மனிதர் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கம் அவருக்கு அதுவரை வந்ததில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் வுழூச் செய்யும்போது கையை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பின்னால் காத்திருந்தவர் செருமினார்.

பலீலா தினமும் காலையில் தேநீரோடு ஒரு கேள்வியையும் வைத்தாள். "இன்னைக்கி போறீங்களா?"

திருவிழா நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் சட்டைப்பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். மடுல்சீமையில் இறங்கி, முதலில் துஷாந்தினியை லயத்திலிருந்து வரச்சொல்லி ஆளனுப்பினார். அவள் பிள்ளையோடு வந்தாள். குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிறுதான் கட்டியிருந்தது. பேர் வைப்பு அந்தக் கயிற்றோடு முடிந்திருந்தது. "சாட்சி சொல்லவா நானா வந்தீங்க?" என்று ஆவலாகக் கேட்டாள். அவர் முன்னால் நடந்தார்.

ஆசாரி கடையில் அடுப்பு அணைந்து கிடந்தது. இராமையா எழுந்திருக்கவில்லை. "வாங்க மொதலாளி. கள்ளனப் பாக்க வந்தீங்களா?" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தகராறு என்று மோப்பம் பிடித்து வாசலில் ஆள் சேர்ந்தது. ஹுமைத் அப்படித்தான் வேண்டும் என்று நினைத்திருந்தார். பையிலிருந்து மூன்றாவது தாயையும் சேயையும் எடுத்து, சீல் உடையாமலே, பட்டறைப் பலகையில் வைத்தார்.

"இது அதோட வந்த சாமான். அரத்தப் போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

இராமையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி சீலைக் கிழித்து அரத்தை இழுத்தார். தாயின் தோளில் மஞ்சள் விழுந்தது.

"பொய் ஏன்ட சாமான்தான்" என்றார் ஹுமைத். "விக்கிற நேரமே எனக்குச் சந்தேகம் ஈந்திச்சி. சீல் போகும்னு பாக்காம வித்தேன். இந்தப் புள்ள வந்து கேட்ட நேரம் தெரிஞ்சிகிட்டே பொய் சென்னேன். இவர் கள்ளன் இல்ல. போய் ஒங்கட தலைவர்கிட்டயும் செல்லுங்க, கோயில்லயும் செல்லுங்க."

துஷாந்தினி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "ஆசாரி..." என்று தொடங்கினாள். தலை குனிந்தே நின்றாள். கூட்டத்தில் முன்னால் நின்ற இருவர் மெதுவாகப் பின்னால் நழுவினார்கள். கள்ளன் என்று சொன்னவர்கள் அவர்கள் மட்டுமல்ல.

ஹுமைத் மற்றப் பையிலிருந்து குதிரையை எடுத்தார். அரைஞாணுக்கு இது காணும், இதை உருக்குங்கள் என்றார். ஆசாரி அதைக் கையில் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"இது நெசம்தான், பாத்தாலே தெரியுது. ஆனா நான் தொடமாட்டேன் மொதலாளி. அடுப்பு மூட்டித் தாறேன். வெட்டிப் போடுறத நீங்களே எல்லாரு முன்னுக்கும் போடுங்க. உருகுற வரைக்கும் யாரும் கண்ண எடுக்காதீங்க."

சொன்னபடி கரியைப் பற்றவைத்து ஊதினார். கனிந்ததும் வெள்ளி உருக்கும் மூசையை அதன் நடுவில் இருத்திவிட்டு, வெட்டும் கத்தரியைப் பிடி முன்னால் வர நீட்டினார். ஹுமைத்தின் வலக்கை பழக்கத்தில் காற்சட்டைப் பைக்குள் போனது. விரலில் கையுறை தட்டுப்பட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தார். நகத்தால் சீலைக் கிழித்து, பாளத்தை வெறுங்கையால் எடுத்து, குதிரையின் மேல் கட்டைவிரலை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தரியை அதன் கழுத்துக்கு வைத்தார்.