என் மாமியார் மேல் வாரண்ட்

இன்று காலை கோர்ட் வாசலில் என் மாமியாரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது.

(நான்தான் எழுதுகிறேன். அக்கவுண்ட் ஹேக் ஆகவில்லை. எங்கள் வீட்டு சாம்பார்ச் சண்டைகளை இங்கே படித்தவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.)

போன வாரம் நாத்தனார் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு கான்ஸ்டபிள் வந்து அத்தையைக் கேட்டார். பத்திரிகை வைக்க நகரிக்குப் போயிருக்கிறார் என்றேன்.

"அவங்க பேர்ல நான்-பெயிலபிள் வாரண்ட் இருக்குதும்மா. அவங்களே கோர்ட்டுக்கு வந்துட்டா நல்லது. இல்லன்னா நாங்க வந்து இட்டுக்கினு போவணும்."

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே வாரம், திருப்பதியில்!

உடனே போனில் கோர்ட் ஆப்பைப் போட்டுத் தேடினேன். கேஸ் நம்பர் தெரியாவிட்டாலும் மாவட்டம், கோர்ட், பெயர், வருஷம் கொடுத்தால் தேடலாம். வந்தது. முதல் குற்றவாளி: என் மாமியார். (எங்கே போனாலும் முதல் இடம்தான்.)

என்ன கேஸ்? சில வருஷத்துக்கு முன்னால் பிச்சாட்டூர் ஏரித் தண்ணீர் எங்கள் பக்கத்து வயலுக்கு வரவில்லை என்று பெண்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்தார்கள். அதிகாரிகள் வந்து பேசினார்கள், தண்ணீர் வந்தது. அதோடு ஊரே கேஸை மறந்துவிட்டது. முதல் இரண்டு வாய்தாவுக்குப் போனவர்கள், அப்புறம் நாற்று நடப் போய்விட்டார்கள்.

சித்தூர் மாங்கூழ் கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவரிடம் தீர்வு தயாராக இருந்தது.

"அம்மாவ ஊத்துக்கோட்ட மாமா வூட்ல வுட்டுடு. கல்யாணத்தன்னிக்கி நேரா மண்டபத்துக்கு இட்டுக்கினு வந்துக்கலாம்."

நாங்கள் இருப்பது ஆந்திரா, ஊத்துக்கோட்டை தமிழ்நாடு; இது எங்கள் பக்கத்துப் பரம்பரை வைத்தியம். அந்தக் காலத்தில் எல்லை பிரித்தபோது சொந்தங்களில் பாதி ஆந்திராவிலும் பாதி தமிழ்நாட்டிலும் நின்றுவிட்டது. அதிலிருந்து இந்தப் பக்கம் ஜீப் வந்தால் அந்தப் பக்கம் போவார்கள். அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம்.

நல்லவேளை, எனக்குத் தெரிந்த லாயர் மேடம் ஒருவரிடம் கேட்டேன். வாரண்டுக்கு எல்லை கிடையாது, எந்த மாநிலத்திலும் பிடிக்கலாம் என்றார். ஒளிந்தால் ஜட்ஜுக்குக் கோபம்தான் வரும். தானாகவே போய் நின்று, வாரண்டை ரத்து செய்யச் சொல்லி மனு போடுவதுதான் வழி. ஆனால் ரத்து செய்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை, உள்ளே அனுப்பினாலும் அனுப்பலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நான் இன்னா திருடியா, ஒளியறதுக்கு? தண்ணி கேட்டேன். போய் சொல்லிட்டு வர்றேன்."

மனு தயாராக ஒரு வாரம் ஆனது. இன்று காலை கிளம்பும்போது அவர் பையை எட்டிப் பார்த்தேன். ஒரு மாற்றுப் புடவை, பிரஷர் மாத்திரை, மீதியிருந்த பத்திரிகைகள். புடவை எதற்கு என்றேன்.

"உள்ள போட்டுட்டா வேணுமே. நான் வரலன்னாலும் நீயும் அவனும் நின்னு தார வாத்துக் குடுத்துடுங்க. கல்யாணத்த நிறுத்தக் கூடாது."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவர் அடுப்பை அணைத்தேனா என்று கேட்டார்.

கோர்ட்டில் லாயர் மேடம், உடம்பு சரியில்லாமல் போனதைக் காரணமாகச் சொல்லலாம் என்றார். பிரஷர் இருப்பது உண்மைதானே. அத்தை சரி என்று தலையை ஆட்டினார். கூண்டில் ஏறியதும் ஜட்ஜ் தெலுங்கில், ஏன் இவ்வளவு நாளாக வரவில்லை என்று கேட்டார்.

"நீள்ளு வச்சேசாயி சார். கேசு கூடா அயிபோயிந்தனுகுன்னா."

அதாவது, தண்ணீர் வந்துவிட்டது, அதனால் கேஸும் முடிந்துவிட்டது என்று நினைத்தாராம். லாயர் மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜட்ஜ் மனுவைத் திரும்பப் படித்தார். தண்ணீர் இப்போதும் வருகிறதா என்று கேட்டார். வருகிறது, இரண்டு போகம் விளைகிறது என்றார் அத்தை.

வாரண்ட் ரத்து. சின்ன அபராதம், புதிதாக ஜாமீன் பத்திரம், இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்து. இனி ஒரு வாய்தா தவறினாலும் நேராக உள்ளேதான் என்று ஜட்ஜ் கண்டிப்பாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஜாமீன் போட்டவர் யார் தெரியுமா? ஊத்துக்கோட்டைத் திட்டம் தீட்டிய என் வீட்டுக்காரர்தான். சித்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார், பாவம்.

அந்தக் கேஸில் இருக்கும் மற்ற பெண்களையும் வெள்ளிக்கிழமை அழைத்து வரப்போகிறாராம் அத்தை. மறுபடியும் அவர்தான் முதல் வரிசை.

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் அதே கான்ஸ்டபிள். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அத்தை நேராக அவரிடம் போய்ப் பையைத் திறந்தார்.

"நீ காயிதம் எடுத்துக்கினு எங்க வூட்டுக்கு வந்த இல்ல நைனா? இந்தா, இது எங்க வூட்டு காயிதம். பொண்ணு கல்யாணம். வூட்டுக்காரம்மாவ இட்டுக்கினு வந்து, இருந்து துன்னுட்டுத்தான் போவணும்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கல்யாண மண்டபத்துக்கு போலீஸ் வந்துவிடுமோ என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை.

இப்போது நிச்சயமாக வருகிறார். பெண் வீட்டு வரிசையில் இரண்டு இலை சேர்த்துப் போடச் சொல்லிவிட்டார் அத்தை.