வனபோஜனம் போன மலையில் என் மகளைக் கேட்டு வாங்கினேன்

யுத்தம் முடிந்த வருஷத்துக் கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் ஐந்து வயது மகள் மலையில் காணாமல் போனாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு பேர் போயிருந்தோம். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. மூன்றாம் வகுப்பு படித்ததால் எழுத வரும். தணிகைமலை முருகன் எனக்குச் செய்ததை, அவனை நம்புகிற உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் தெலுங்கு வழக்கம் பாதி கலந்திருக்கும். கார்த்திகையில் சொந்தக்காரர்கள் சேர்ந்து மலையேறி, நெல்லிமரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டு வருவோம். அதுதான் வனபோஜனம். அரிசிக்கு அலைந்த காலத்தில் அது நின்று போயிருந்தது. அந்த வருஷம் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, நன்றாக விளைந்ததால் மாமனாருக்கு ஆசை வந்துவிட்டது. ஐந்து வீட்டுக்காரர்களையும் எங்கள் வீட்டில் கூட்டிவைத்துப் பேசினார்.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து மலைக்கு சனிக்கிழமை வண்டி கட்டிப் போவது. அடிவாரத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு, பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொண்டு ஏறுவது. மேலே சுனைக்குப் பக்கத்தில் படுதா கட்டி ஓர் இரவு தங்குவது. ஞாயிற்றுக்கிழமை சமைத்துச் சாப்பிட்டு இறங்குவது. வீட்டுக்கு இரண்டு படி அரிசி. இப்படி முடிவானது.

"மழ நாளாச்சே நைனா" என்றார் என் வீட்டுக்காரர்.

"பத்து நாளா வெயில் காயுது. ஒனக்கு மட்டும் மழ வருதா?" என்றார் மாமனார்.

அப்போது அத்தை, என் மாமியார், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஒரு கட்டளை போட்டார்கள். "மலையில காட்டேரி இருக்குது. அம்மா கொரல்லயே கூப்டும். ஆனா அதுக்குப் பேர் தெரியாது. யாராவது பேர் சொல்லிக் கூப்ட்டாத்தான் ஆங்னு சொல்லணும். பேர் சொல்லலன்னா மூச்சு வுடக்கூடாது. தெரிஞ்சிதா?"

பிள்ளைகள் பயந்துபோய்த் தலையாட்டின. என் மகளும் ஆட்டினாள்.

அவளுக்கு அத்தையின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். கன்னியம்மா. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்கள் ஆயுசு குறையும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதனால் பெற்ற நாளிலிருந்து நான் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

என் நாத்தனார் வீட்டுக்காரரை வீட்டில் எல்லோரும் பாவா என்பார்கள். வாய் சும்மா இருக்காது அவருக்கு. "அப்ப இந்தப் பாப்பாவ அவங்கம்மா எப்டிக் கூப்டுவாங்க? கை தட்டியா, விசில் அடிச்சா?" என்றார். கொல்லென்று சிரித்தார்கள்.

"அவ எதுக்குக் கூப்டணும்? கொழந்த என் கையப் புடிச்சிகினு வரப்போவுது" என்றார்கள் அத்தை.

எனக்குச் சுருக்கென்றது. இது சரியில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

சனிக்கிழமை ஏறினோம். ஞாயிறு காலையிலேயே மேகம் இறங்கிவிட்டது. குழந்தை அத்தையோடு சுனையில் அரிசி கழுவப் போனாள். பாதியில் என்னிடம் வந்துவிட்டாள் என்று அத்தை நினைத்தார்கள். அத்தையிடம் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். இலை போடும்போதுதான் இல்லை என்று தெரிந்தது.

அத்தை சுனையோரம் நின்று குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனார்கள். ஆண்கள் சுனைப் பக்கமாகவும் வந்த வழியாகவும் ஓடினார்கள். வடித்த சோறு மழையில் கிடந்தது. என்னை மரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேனோ தெரியாது. பிறகு எழுந்து, யாரும் தேடாத பின் சரிவில் தனியாக இறங்கினேன். கல்லெல்லாம் வழுக்கியது. பாறை இடுக்குகளில் தண்ணீர் இரைச்சலோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"பாப்பா! பாப்பா! அம்மா வந்திருக்கேன்!"

பதில் இல்லை. கீழே வரைக்கும் போனேன். திரும்பி அதே வழியில் ஏறினேன். பதில் இல்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கால் ஓய்ந்து ஒரு பாறையில் சாய்ந்துவிட்டேன். இனிமேல் உடம்பைத்தான் தேட வேண்டும் என்று மனசு சொன்னது. அந்த நினைப்பு வந்ததை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"முருகா, இவளுக்கு முன்னே பிறந்த இரண்டு பேருக்காகவும் உன் வாசலில் வந்து அழுதேன். நீ கொடுக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. இவளைக் கொடு. எனக்கு வேறு போக்கிடம் இல்லை" என்று அழுதேன்.

அழுது முடித்ததும் அத்தை போட்ட கட்டளை காதில் கேட்டது போல இருந்தது. பெயர் சொல்லாமல் கூப்பிட்டு, நான்தானே அவளைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறேன்! நானாக நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். அவன்தான் நினைக்க வைத்தான். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, பிறந்ததிலிருந்து போடாத சத்தம் போட்டேன்.

"கன்னியம்மா! அடியே கன்னியம்மா!"

"ஆங்."

பத்தடி தூரத்தில் இருந்து வந்தது. நான் இரண்டு தடவை தாண்டிப் போன இடுக்கு. நெல்லிக்காய் பொறுக்கப் போய் வழுக்கி விழுந்திருந்தாள். ஒரு கால் கல்லில் மாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் மார்பு வரை ஏறியிருந்தது. உதடு நீலம்.

"அது ரெண்டு வாட்டி வந்து கூப்ட்டுதும்மா. உன் கொரலுதான். பேர் சொல்லல. அதான் பாவாடய வாய்ல வெச்சி அழுத்திகினேன்" என்றாள்.

என் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரரும் பாவாவும் ஓடிவந்து கல்லைப் புரட்டித் தூக்கினார்கள். பின்னாலேயே அத்தை. நான் அவர்கள் பெயரைக் கத்தியது மலை முழுக்கக் கேட்டிருக்கும். தலை குனிந்து நின்றேன். குழந்தைக்குக் கண் சொருகியது.

"இன்னாடி பாத்துகினு நிக்கிற? கூப்டு! தூங்க வுடாத, கூப்ட்டுகினே வா" என்றார்கள் அத்தை. அவர்கள் தொண்டையில் காற்றுதான் வந்தது. அடிவாரத்து வண்டி வரைக்கும் அந்தப் பெயரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுத முடியாது. இருபது நாள் காய்ச்சல். கால் வளைந்தபடிதான் கூடியது. அவள் நொண்டி நடப்பதைப் பார்த்து பின்னாளில் வந்த வரன்கள் திரும்பிப் போயின; ரொம்ப நாள் கழித்துத்தான் ஓர் இடம் அமைந்தது. மலைக்குப் போன அடுத்த வருஷமே ஆடியில் அத்தை படுத்தார்கள், எழவில்லை. ஊர் என்னை ஒரு மாதிரி பார்த்தது. நானே என்னை அப்படித்தான் பார்த்தேன். அத்தை மட்டும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அதுக்கும் இதுக்கும் இன்னாடி? எனக்கு வயசாவல?" என்றார்கள்.

அந்த நாளிலிருந்து வீட்டில் தப்பாகப் படுவதை நான் விழுங்குவதில்லை. குரல் நடுங்கும். இருந்தாலும் சொல்லிவிடுவேன். இதுவும் முருகன் கொடுத்ததுதான்.

முதல் இரண்டு பிள்ளைகளை ஏன் தரவில்லை, இவளை மட்டும் ஏன் தந்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில் அவன் என்னைத் தனியாக விடவில்லை. அதை நான் கண்டேன்.

மகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கிருத்திகைதோறும் அரக்கோணத்திலிருந்து தணிகைமலைக்கு வருகிறாள். அந்தக் காலோடு அவளால் படியேற முடியாது. இவ்வளவு நாளும் அவளுக்கும் சேர்த்து நான் ஏறினேன். போன மாதம் என்னாலும் முடியவில்லை. அடிவாரத்திலேயே இருவரும் உட்கார்ந்து மேலே பார்த்துக் கும்பிட்டோம். மனசில் பாரத்தோடு வருகிறவர்கள், ஏற முடியவில்லையே என்று திரும்பிப் போகாதீர்கள். எங்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள். சேர்ந்து கேட்போம்.